அகராதி விளையாட்டு

நேயர்களே, 'துயவு' என்ற சொல்லின் பொருள் யாது? மூன்று விடைகள் கூறுகிறேன். கறந்த பாலின் மேல் எழுந்து அடங்கும் நுரை என்பது ஒன்று. அறிவு தடுமாறித் திரிதல் என்பது மற்றொன்று. நெல் தூற்றும்போது காற்றோடு போகும் பதர் என்பது இன்னுமொன்று. இம்மூன்றில் ஒன்று மெய். ஏனைய இரண்டும் நேற்று மாலை என் வீட்டுத் திண்ணையிலிருந்து நானே புனைந்தவை. எது மெய் என்பதை இப்பேச்சின் இடையிலே சொல்லிவிடுவேன். அதுவரை ஒன்றைத் தெரிவுசெய்து மனத்தில் வைத்திருங்கள். அருகிலிருப்பவரிடம் சொல்லி வைத்தீர்களாயின் பின்னர் மாற்றிக்கொள்ள இயலாது.

ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் இஃது ஒரு வீட்டு விளையாட்டு. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் பெரிய அகராதியொன்றை விரித்து, அங்குள்ளோர் எவரும் கேட்டறியாத சொல்லொன்றைத் தேடி எடுத்து உரத்துச் சொல்வார். மற்றவர் ஒவ்வொருவரும் அச்சொல்லுக்குத் தாமே ஒரு பொருளைப் புனைந்து, அகராதியிலிருந்து பெயர்த்தெழுதியது போலத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுப்பர். அகராதி வைத்திருப்பவர் மெய்ப்பொருளையும் ஒரு துண்டில் எழுதி, எல்லாவற்றையும் கலந்து, குரலில் வேறுபாடு தோன்றாதவாறு ஒவ்வொன்றாக வாசிப்பார். மெய்யைக் கண்டுபிடித்தவருக்குப் புள்ளி உண்டு. தம் பொய்யைப் பிறர் மெய்யென நம்பும்படி செய்தவருக்கும் புள்ளி உண்டு. வேண்டிய பொருள்கள் ஓர் அகராதி, சிறிது கடதாசி, பென்சில், ஓய்வான ஒரு மாலைப்பொழுது ஆகிய இவையே.

இவ்விளையாட்டைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுசென்றவர் அமெரிக்கர். 1965ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய நிகழ்ச்சி அவ்வாண்டிலேயே நின்றுபோயிற்று. ஆனால் அதே ஆண்டு ஒக்டோபரில் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகிய பி.பி.சி. தன் இரண்டாவது தொலைக்காட்சி அலைவரிசையில் 'கோல் மை பிளவ்' என்ற அதே பெயருடன் தொடங்கியது 1988 வரை நீடித்தது. பெயரின் கருத்து, என் பொய்யைப் பிடி பார்க்கலாம் என்பதாம். அணிக்கு மூவராக இரண்டு அணிகள் எதிரெதிரே அமரும். ஓர் அணியினர் மூவரும் ஒரே சொல்லுக்கு மூன்று பொருள் கூறுவர். அவற்றுள் மெய் எதுவென்று மற்ற அணி சொல்ல வேண்டும். நகைச்சுவை எழுத்தாளர் பிராங்க் மியூர் ஓரணித் தலைவராக இருந்து நெடுங்காலம் இதனை நடத்திச் சென்றார். பின்னர் 1984இல் கனடா நாட்டவரான லோறா ரொபின்சன், போல் டொய்ன் என்னும் இருவர் இவ்விளையாட்டைச் சொற்கள் அச்சிட்ட அட்டைகளாக்கிப் பெட்டியில் அடைத்து 'போல்டர்டாஷ்' என்று பெயரிட்டு விற்பனைக்கு விட்டனர். வீண்பேச்சு என்பது அதன் பொருள். பெட்டி வாங்கியவனுக்கு அகராதி தேவையில்லாமற் போயிற்று. அதனை முன்னேற்றமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதில் வெற்றி பெறுபவர் யார்? பெரும்புலவர் வெல்வார் என்று நினைப்போம். அவ்வாறில்லை. அகராதியின் குரலை அறிந்தவரே வெல்வார். சுவையாக எழுதப்பட்ட பொய் உடனே பிடிபடும். சுவையற்ற பொய் தப்பிவிடும். 'ஒருவகை மீன்' என்று எழுதுவதைவிட, 'ஆழமற்ற உவர்நீரில் வாழும் சிறு மீன்வகை. கருவாட்டுக்கு ஆகாதது' என்று எழுதினால் ஐவரில் மூவர் நம்புவர். வேண்டாத ஒரு நுணுக்கம், உணர்ச்சியற்ற ஒரு நடை, 'வழக்கிறந்தது' என்றொரு குறிப்பு, இவ்வளவே போதும். நாம் அகராதியை நம்புவது அது சான்று காட்டுவதனாலா, அன்றி அது பேசும் தோரணையினாலா என்ற ஐயம் இவ்விளையாட்டை ஆடியவர் எவருக்கும் எழாமற் போகாது.

அந்த ஐயம் வீணன்று. அகராதிகளே இவ்விளையாட்டைத் தாமறியாமல் ஆடியிருக்கின்றன. அவ்வரலாற்றைச் சொல்லவே இன்று வந்தேன்.

1934ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெப்ஸ்டர் பெயரால் வழங்கும் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. அதன் 771ஆம் பக்கத்தில் 'டோர்ட்' என்றொரு சொல் இருந்தது. பௌதிகத்திலும் இரசாயனத்திலும் வழங்குவது, அடர்த்தி என்னும் பொருளது என்று கண்டிருந்தது. உச்சரிப்பும் தரப்பட்டிருந்தது. ஐந்தாண்டுகள் எவரும் ஐயுறவில்லை. 1939ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆந் திகதி ஆசிரியர் குழுவினர் ஒருவர் இச்சொல்லுக்கு மாத்திரம் பிறப்பு வரலாறு கூறப்படாதிருத்தலைக் கண்டு தேடலானார். தேடியபோது, 1931ஆம் ஆண்டு ஜூலை 31ஆந் திகதி இரசாயனப் பகுதி ஆசிரியர் அனுப்பிய சிறு சீட்டு ஒன்று அகப்பட்டது. ஆங்கிலத்தின் நான்காம் எழுத்தாகிய 'டி'யைப் பெரிய வடிவிலோ சிறிய வடிவிலோ எழுதினால் அஃது அடர்த்தியைக் குறிக்கும் சுருக்கக் குறி என்பதே அச்சீட்டின் செய்தி. 'அல்லது' என்பதற்குரிய ஆங்கிலச் சொல் 'ஓர்' ஆகும். 'டி ஓர் டி' என்று இடைவெளியுடன் இருந்ததை யாரோ ஒன்றாகச் சேர்த்து வாசிக்க, 'டோர்ட்' பிறந்துவிட்டது. சுருக்கக் குறிகளின் கட்டிற் சேரவேண்டிய சீட்டுச் சொற்களின் கட்டிற் சேர்ந்தது. பிழை தெரிந்த பின்னும் அச்சொல் முற்றாக நீங்க 1947 வரை சென்றது. அவ்வகராதியின் அடுத்த பதிப்புக்கு ஆசிரியராயிருந்த பிலிப் கோவ் 1954இல் இக்கதையை வெளியிட்டபோது, டோர்ட் என்பது அடர்த்தியைக் குறித்தால்தான் என்ன என்று சிறிது இரங்கியும் எழுதினார்.

இத்தகைய சொற்களுக்கு ஆங்கிலத்தில் 'பேய்ச்சொல்' என்று ஒரு பெயர் உண்டு. அப்பெயரை 1886இல் இட்டவர் மொழியறிஞர் ஸ்கீற். மொழிநூற் கழகத்தில் ஆற்றிய தலைமையுரையில் அவர் காட்டிய உதாரணங்களுள் ஒன்று நமக்கு அண்மையானது. 1808ஆம் ஆண்டில் எடின்பரோவிலிருந்து வெளிவந்த திறனாய்வு ஏடொன்று, இந்துக்களின் வழக்கங்களைப் பழித்து எழுதுகையில், அவர்கள் தம் கைகளில் 'கைம்ஸ்' என்பவற்றை ஊடுருவச் செலுத்துகின்றனர் என்று அச்சிட்டது. கைம்ஸ் என்பது ஏதோ கொடிய கீழைத்தேயக் கருவி போலும் என்று ஆங்கில வாசகர் எண்ண, அச்சொல் சிலகாலம் வழங்கவும் செய்தது. உண்மையிலே அது 'நைவ்ஸ்', அதாவது கத்திகள் என்ற சாதாரணச் சொல்லின் அச்சுப்பிழை. தூரதேசத்து மக்களைப் பற்றி எதையும் நம்ப ஆயத்தமாயிருந்த வாசகர்க்கு அச்சுப்பிழையும் ஓர் ஆயுதமாயிற்று.

'அபகொற்' என்ற சொல்லின் கதை இன்னும் நீண்டது. பழைய ஆங்கில மன்னர் அணிந்த, இரண்டு முடிகள் போன்ற வடிவுடைய அரச தொப்பி என்று அகராதிகள் அதற்குப் பொருள் கூறிவந்தன. உண்மைச் சொல் 'பைகொக்கெற்' என்பது. முன்னும் பின்னும் கூர்ந்த ஒரு தலையணி. அதன் முன்னே 'ஒரு' என்று பொருள்படும் 'அ' ஒட்டிக்கொள்ள, பதினாறாம் நூற்றாண்டின் வரலாற்று நூல்கள் ஒன்றைப் பார்த்து மற்றொன்று பிழையாக எழுத, சொல் உருமாறியது. அகராதிகள் அவ்வுருவை ஏற்றுக்கொண்டன. ஒக்ஸ்போர்ட் பேரகராதியைத் தொகுத்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் மறே 1882இல் அடிவரை சென்று பார்த்தபோதுதான் அப்படியொரு சொல்லே இல்லை என்பது தெரியவந்தது. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஒருவர் சொன்னதையே மற்றவரும் சொல்லிவந்தனர். எல்லாரும் கற்றவர்கள். எல்லாரும் நாணயமானவர்கள்.

இவற்றுள் எனக்கு மிகப் பிடித்தது 'பாந்தம்நேஷன்' என்பது. ஹோமரின் ஒடிஸி காவியத்தை மொழிபெயர்த்த போப் என்னும் கவிஞர் 'ஆவிகளின் கூட்டங்கள்' என்ற கருத்தில் இரு சொற்களைச் சிறுகோடிட்டு இணைத்திருந்தார். 1820இல் ஒரு நூலாசிரியர் அதை ஒரே சொல்லாக்கினார். 1864இல் வெப்ஸ்டர் அகராதி அதற்குப் பேய்த்தோற்றம், மாயை என்று பொருளும் எழுதிவிட்டது. மாயை என்ற பொருளில் ஒரு மாயச்சொல்!

இவையெல்லாம் தெரியாமல் நேர்ந்தவை. தெரிந்தே செய்ததும் உண்டு. 1975இல் வெளிவந்த நியூ கொலம்பியா கலைக்களஞ்சியத்தில் லிலியன் வேர்ஜினியா மவுண்ட்வீசல் என்ற மாதின் வாழ்க்கைக் குறிப்பு இருக்கிறது. முதலில் நீரூற்றுக்கள் வடிவமைத்தவர். பின்னர் நிழற்படக் கலைஞரானவர். 1973இல் 'எரிபொருள்கள்' என்ற சஞ்சிகைக்காகப் படமெடுக்கச் சென்றவிடத்து வெடிவிபத்தில் மாண்டவர். அப்படி ஒருவர் பிறக்கவுமில்லை, மாளவுமில்லை. பிறர் தம் நூலைத் திருடி அச்சிட்டால் காட்டிக் கொடுப்பதற்கு வைத்த பொறி என்பர். 2001இல் வந்த புதிய ஒக்ஸ்போர்ட் அமெரிக்க அகராதியும் இதே நோக்குடன் 'எஸ்குவிவேலியன்ஸ்' என்றொரு சொல்லைச் செய்து நுழைத்தது. தன் உத்தியோகக் கடமைகளை வேண்டுமென்றே தட்டிக்கழித்தல் என்பது அதன் பொருள். 2005இல் இரகசியம் வெளிப்பட்டது. சொல் பொய்யாயினும் பொருள் மெய்யான ஒன்றே. நீண்டகாலம் பாடசாலை நடத்திய எனக்கு அதற்கொரு தமிழ்ச்சொல் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இனி நம் மொழிக்கு வருவோம். 'துயவு' என்பதற்கு எதைத் தெரிவுசெய்தீர்கள்? அறிவின் திரிபு என்பதே மெய். தொல்காப்பியம் உரியியலிலே அது கூறப்பட்டுள்ளது. நுரையென்றும் பதரென்றும் கொண்டவர்கள் வருந்தவேண்டியதில்லை. ஏனெனில் அதே இயலின் இறுதிப் பகுதியில் தொல்காப்பியர், ஒரு சொல் இப்பொருளை ஏன் குறிக்கின்றது என்னும் காரணம் பார்த்த மாத்திரத்திலே விளங்கித் தோன்றாது என்று கூறிவைத்துள்ளார். அகராதி விளையாட்டு முழுவதும் அந்த ஒரு நூற்பாவின் மேலேதான் நிற்கிறது. சொல்லின் ஓசையிலிருந்து பொருளை அறிந்துவிடலாமென்றால் இங்கே எவரும் எவரையும் ஏமாற்ற முடியாது.

தமிழில் இதனை ஆடுவதில் ஒரு தனித்துன்பம் உண்டு. 'கடி' என்னும் உரிச்சொல்லுக்கு நன்னூலார் பதின்மூன்று பொருள் தருகிறார். காவல், கூர்மை, மணம், அச்சம், புதுமை, திருமணம் என அவை தொடர்பில்லாமற் செல்லும். அச்சொல்லுக்குப் பொய்ப்பொருள் புனையப் புகுந்தவன் தவறி மெய்யைச் சொல்லிவிடக் கூடும்.

நம் முன்னோர் சொற்பொருளைச் செய்யுளிலே அமைத்தனர். திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகளைத் திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் மனனம் செய்தனர். இதிலொரு காவல் இருந்தது. சீரும் எதுகையும் வேலியாக நிற்க, ஒரு சொல்லை மாற்றினால் செய்யுள் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஏட்டுச் சுவடியில் வேறோர் இடர் இருந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேற்றுமை தெரியாது. ரகரமும் காலும் ஒன்றுபோல நிற்கும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் இத்தகைய ஏடுகளிலிருந்தே அச்சிற் கொணர்ந்தார். செல்லரித்த ஏட்டின் ஒவ்வொரு வரியிலும் ஒரு 'டோர்ட்' பிறக்க இடமிருந்தது. பல பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்தல் ஒன்றே அவருக்கு வழி.

வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் எழுந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1842இல் அகராதி அச்சாயிற்று. யாழ்ப்பாணத்திலே பணியாற்றிய வின்சிலோவின் பேரகராதி 1862இல் சென்னையில் வெளிவந்தது. அதன் சொற்றொகை 67,452. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. லெக்சிகனில் நான் பெரிதும் மதிப்பது பொருளை அன்று; பொருளின் பின்னே வரும் சிறு குறிப்பை. எந்த நூலில், எந்த இடத்தில் அச்சொல் அப்பொருளில் வந்தது என்பதை அக்குறிப்புச் சொல்லும். மறே 'அபகொற்'றைப் பிடித்ததும் இவ்வழியேதான். சொல் எங்கே வாழ்ந்தது என்று கேட்டார். எங்கும் வாழவில்லை என்ற விடை கிடைத்தது.

இந்தக் கேள்வியின் வலிமையை நான் நூலிற் படித்து அறிந்தவனல்லன். ஆங்கில அகராதியின் தந்தையருள் ஒருவரான சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் குதிரைக் காலின் குளம்புக்குச் சற்று மேலுள்ள பகுதியின் பெயருக்கு முழங்கால் என்று பொருள் எழுதியிருந்தார். ஏன் அவ்வாறு எழுதினீர் என்று ஒரு பெண்மணி வினவியபோது, வெறும் அறியாமையே என்று அவர் தயங்காது விடை கூறினாராம். அத்துணிவு எனக்கு இல்லாதிருந்த ஒரு நாளைச் சொல்லவேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன், பட்டம் பெற்று ஆசிரியனாகச் சென்ற புதிதில், பத்தாந் தர வகுப்பிலே சிலப்பதிகாரத்து மங்கல வாழ்த்துப் பாடலைப் படிப்பித்துக் கொண்டிருந்தேன். கோவலனையும் கண்ணகியையும் மகளிர் வாழ்த்துமிடத்தில் 'கவவுக்கை' என்றொரு சொல் வரும். அதன் பொருள் யாதென்று முன்வாங்கிலிருந்த மாணவனொருவன் கேட்டான். எனக்குத் தெரியாது. தெரியாதென்று சொல்ல வாய் எழவில்லை. "கவவு என்பது கவலை, பிரிந்துவிடுவோமோ என்ற கவலையோடு பற்றிய கை" என்றேன். பின்னால் வரப்போகும் பிரிவை எண்ணும்போது அவ்விளக்கம் மிகவும் பொருத்தமாகத் தோன்றியது. வகுப்பே நெகிழ்ந்தது. நானும் நெகிழ்ந்தேன் என்றே சொல்லலாம்.

அன்றிரவு அகராதியைப் புரட்டினேன். கவவு என்பது அகத்திடுதல். கவவுக்கை என்பது தழுவிய கை. மறுநாள் வகுப்பில் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அடுத்த பாடத்துக்குச் சென்றுவிட்டேன்.

பன்னிரண்டு ஆண்டுகள் சென்றபின் அம்மாணவர் என்னைக் காண வந்தார். அவரும் தமிழாசிரியராகியிருந்தார். நலம் விசாரித்து, தேநீர் அருந்திய பின், மிகப் பணிவாக ஒன்று கேட்டார். "ஐயா, கவவுக்கைக்கு நீங்கள் சொன்ன பொருள் எந்த உரையில் வருகிறது? அரும்பதவுரையிலும் காணவில்லை, அடியார்க்கு நல்லார் உரையிலும் காணவில்லை. லெக்சிகனிலும் இல்லை. தேடிக் களைத்துவிட்டேன்." என்மேல் அவருக்கு ஐயம் சிறிதுமில்லை. தாம் அறியாத ஓர் உரையை நான் அறிந்திருப்பேன் என்றே நம்பினார். அப்படி ஓர் உரை இல்லை, அது நான் அவ்விடத்திலே புனைந்தது என்று சொன்னேன். அவர் சிறிதுநேரம் பேசாதிருந்து, "நான் அதை ஐந்து வருடம் படிப்பித்துவிட்டேன், ஐயா" என்றார். அவரிடம் படித்தவர்களுள் எத்தனை பேர் இன்று வகுப்பறைகளில் நிற்கிறார்களோ அறியேன்.

அதற்குப் பின்னரே இவ்விளையாட்டை எங்கள் பாடசாலையில் தொடங்கினேன். வெள்ளிக்கிழமைகளில் நூலகத்து லெக்சிகன் தொகுதிகளை மேசைமேல் வைத்து ஆடுவோம். ஆங்கிலேயர் ஆட்டத்தில் இல்லாத ஒரு விதியைச் சேர்த்தேன். வாக்களிக்குமுன் எவரும் "எங்கே வந்துள்ளது?" என்று கேட்கலாம், கேட்டால் ஒவ்வொரு பொருளுக்கும் மேற்கோள் இடம் காட்டப்படல் வேண்டும். இரண்டு வாரத்துள் பிள்ளைகள் மேற்கோள் இடங்களையும் பொய்யாகப் புனையக் கற்றுக்கொண்டனர். ஆகவே நூலையே எடுத்துப் பார்க்கலாம் என்று மற்றுமொரு விதி வந்தது. இப்பொழுது அம்மேசைமேல் புறநானூறும் கலித்தொகையும் கிடக்கின்றன. தேர்வுக்காகவன்றி அந்நூல்களை அப்பிள்ளைகள் விரித்துப் பார்த்தது அன்றுதான் முதன்முறை.

சென்ற தவணை ஒருநாள் ஆட்டத்தில் என்னையும் இருத்தினார்கள். சொல் 'ஞெமிர்தல்'. ஐந்து துண்டுகள் வாசிக்கப்பட்டன. 'ஈரமணலிற் கால் புதைந்து எழுதல்; நெய்தல் நில வழக்கு' என்பதற்கு நான் உடனே கையுயர்த்தினேன். ஞெகரத்தின் ஓசையிலேயே ஈரமணல் தெரிந்தது. மெய்ப்பொருள் பரத்தல் என்று பின்னர் வாசித்தார்கள். துயவு வருகின்ற அதே உரியியலிலே, சில நூற்பாக்களுக்கு முன்னதாக, அது இருக்கிறது. ஈரமணலை எழுதியவள் ஒன்பதாந் தர மாணவி. கடலைப் பார்த்ததே இரண்டுமுறைதானாம்.

"ஐயா, நீங்கள் எங்கே வந்துள்ளது என்று கேட்கவில்லையே" என்றாள். புள்ளிப் பலகையில் அவள் பெயருக்கு நேரே நானே ஒரு கோடிட்டேன்.